அருட்தந்தை இயூஜின் ஜோன் ஹேபியர்: ஆசிரியர், பயிற்றுநர், காணாமற்போனவர்

எமது கல்லூரியின் ஆசிரியர் இடாப்பில் அருட்தந்தை ஹேபியரின் பெயர் இல்லை. எமக்கு அவர் பாடம் எடுத்ததுமில்லை. எங்கள் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், பின்னாளில் நாம் மணம் முடித்த சிலருக்கும்தான் அவர் ஆசிரியர். ஆனாலும் கந்தளாய்ப் பக்கத்துப் பழைய மாணவிகளாகிய எம்மிடம் இந்த நூற்றாண்டு மலருக்கு, மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்கப்பட்டபோது, முதலில் வந்த பெயர் அவருடையதுதான். பெண்கள் பாடசாலை மலரில் ஆண்கள் கல்லூரிப் பயிற்றுநருக்கு என்ன இடம் என்று எம்முள்ளேயே ஒரு கேள்வி எழுந்தது. அதற்கான விடை கட்டுரையின் பிற்பகுதியில் தானாக வரும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சுப் பெயராதலால் எழுத்தில் உள்ள கடைசி எழுத்து உச்சரிப்பில் வராது. கிழக்கிலங்கையில் சிலர் அவரை ஹேபியர் என்றார்கள், சிலர் ஹேர்பேட் என்றார்கள். அச்சிட்ட அழைப்பிதழ்களிலும் இரண்டு விதமாகவும் இருக்கும். பெரும்பாலானோருக்கு அவர் வெறுமனே பாதர். ஆனால் அந்தக் குடும்பப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் வாழ்ந்த அக்காடியர் என்னும் பிரெஞ்சு மக்களை 1755 முதல் ஆங்கிலேயர் ஊரோடு பிடுங்கிக் கப்பலேற்றினார்கள். குடும்பங்கள் பிரிந்தன, பலர் கடலிலும் நோயிலும் மாண்டனர். எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள லூசியானாவில் குடியேறினர். ஹேபியர் என்பது அவர்களிடையே வழங்கும் பழைய பெயர்களில் ஒன்று. இடம்பெயர்வு என்பது நாம் மட்டும் கண்ட அனுபவம் என்று நினைத்திருந்த எமக்கு இதை அறிந்தபோது சற்று வியப்பாகவே இருந்தது.

இயூஜின் ஜோன் ஹேபியர் 1923 ஒக்டோபர் 9ஆம் திகதி லூசியானா மாநிலத்தின் ஜெனிங்ஸ் என்ற சிறிய நகரில் பிறந்தார். அந்த நகரைச் சுற்றியுள்ள நிலம் நெல் விளையும் நிலம். நீரைத் தேக்கிக் கட்டிய வயல்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை பிற்காலத்தில் கந்தளாய்க் குளத்தையும் அதன் கீழுள்ள வயல்வெளியையும் கடந்து போகும் பயணியானது எமக்குப் பிடித்தமான ஒரு பொருத்தம். 1941இல், 18 வயது நிறையும் முன்னரே, இயேசு சபையில் சேர்ந்தார். இயேசு சபையில் ஒருவர் குருவாவதற்கு நீண்ட காலம் எடுக்கும். நவசந்நியாசம், மெய்யியல், இறையியல் என்று படிப்பு நீளும். இடையில் சில ஆண்டுகள் பாடசாலை ஒன்றில் கற்பித்தாக வேண்டும். கற்பித்தல் அந்தச் சபைக்குத் துறவின் ஒரு பகுதி. நமது நாடு சுதந்திரம் பெற்ற அதே 1948ஆம் ஆண்டில், தமது 25ஆவது வயதையொட்டி, அவர் இலங்கை வந்தார். குருப்பட்டம் அதற்குப் பின்னர்தான்.

லூசியானாவிலிருந்து ஏன் கிழக்கிலங்கை என்று இளைய மாணவிகள் கேட்கலாம். திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உருவாக்கப்பட்டது. மட்டக்களப்பும் அதற்குள் அடங்கியிருந்தது. அதன் பொறுப்பு பிரெஞ்சு இயேசு சபையாரிடம் கொடுக்கப்பட்டது. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரிக்குப் புதிய உருவம் கொடுத்த பொனெல் அடிகளார் போன்றவர்கள் அந்தக் காலத்தவர்கள். பின்னர் ஆங்கிலத்தில் கற்பிக்கும் குருமாரின் தேவை மிகுந்தபோது, அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபையினர் வரத் தொடங்கினர். 1947இல் ஆயரான இக்னேஷியஸ் கிளெனி ஆண்டகையும் அந்த வழியில் வந்தவரே. வெபர் அடிகளார், மில்லர் அடிகளார், ஹேபியர் அடிகளார் ஆகிய மூவரும் அந்த அணியின் மூன்று பெயர்கள். கிழக்கில் அறுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது இந்த மூன்று பெயர்களையும் சொல்லிப் பாருங்கள், பேச்சு சீக்கிரத்தில் முடியாது.

இவர்கள் கப்பலில் கொண்டுவந்த பொருள்களில் கனம் குறைந்ததும் நீடித்து நின்றதும் கூடைப்பந்தாட்டம். அந்த விளையாட்டே ஒரு ஆசிரியரின் கண்டுபிடிப்பு. 1891ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், வெளியே விளையாட முடியாமல் அடைபட்டிருந்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் அறைந்து அதை உருவாக்கினார். குளிருக்குப் பயந்து கூரைக்குள் பிறந்த விளையாட்டு நம்மூரில் கூரையில்லாத சீமெந்துத் தளத்துக்கு வந்தது. பகல் முழுதும் வெயிலில் காய்ந்த தளம் மாலை நான்கு மணிக்கும் காலைச் சுடும்.

அந்த நாள்களில் கொழும்புப் பெரிய கல்லூரிகளின் பெருமை கிரிக்கெட்டில் இருந்தது. அதற்குப் பரந்த திடல் வேண்டும், பராமரித்த ஆடுகளம் வேண்டும், விலையுயர்ந்த சாமான்கள் வேண்டும். கூடைப்பந்துக்கு ஒரு பந்து, இரண்டு வளையம், ஐந்து பிள்ளைகள் போதும். கிழக்கின் மிஷன் பாடசாலைகளுக்கு அது ஏற்ற கணக்கு. ஹேபியர் அடிகளார் மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியிலும், திருகோணமலையில் புனித சூசையப்பர் கல்லூரியிலும் ஆசிரியராகவும் பயிற்றுநராகவும் பணி செய்தார். அவரும் அவரது சபைச் சகோதரர்களும் உழைத்த தலைமுறையில் மட்டக்களப்பின் பெயர் கூடைப்பந்தாட்டத்தில் நாடெங்கும் தெரிந்த பெயராயிற்று. கொழும்பு அணிகள் கிழக்கிலிருந்து வரும் அணியைக் குறைத்து மதிப்பிட முடியாத நிலை வந்தது. தேசிய அணிக்கும் அந்தத் தளங்களிலிருந்து வீரர்கள் போனார்கள்.

பயிற்றுநர் என்றால் என்ன வேலை என்று எமது பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இன்று எல்லாவற்றையும் கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். கூடைப்பந்தில் உயரமான பிள்ளைக்கு இயல்பாகவே ஒரு வசதி உண்டு. நமது பிள்ளைகள் உயரமானவர்கள் அல்லர். ஆகவே வலக்கைக்காரன் இடக்கையாலும் பந்தைத் தட்டப் பழக வேண்டும், பந்தைப் பார்க்காமலே அதை ஓட்டிச் செல்லப் பழக வேண்டும், ஒரு காலை ஊன்றி மற்றக் காலால் சுழலப் பழக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வளையத்தின் அருகில் நிற்பவன் தன்னைவிட நல்ல இடத்தில் இருந்தால் பந்தை அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசிப் பாடம்தான் கடினமானது. பெயர் வாங்கும் ஆசை பன்னிரண்டு வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறது. இவை ஒன்றும் ஒரு நாளில் வருவனவல்ல. வெளிநாட்டுப் படிப்பும் மூன்று நான்கு மொழிகளின் பரிச்சயமும் உள்ள ஒரு மனிதர் மாலை மாலையாக நின்று, ஒரே அசைவை நூறு முறை செய்ய வைத்தால்தான் வரும். எங்கள் சகோதரர்களுக்கு அப்படி நின்றவர்கள் கிடைத்தார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்வதானால், எமக்கு அப்போது சிறிது பொறாமையும் இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து போதும் என்பது அந்தக் காலத்துத் தீர்ப்பு. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது பெண்ணுக்கு அழகல்ல என்று சொன்ன பெரியவர்களும் இருந்தார்கள். தம்பிமார் வீட்டு முற்றத்தில் பழகியதைப் பார்த்து, மாமரத்தில் கட்டிய வளையத்தில் நாமும் எறிந்தோம். பாதரின் பாடம் அந்த வழியாக எம்மிடமும் கொஞ்சம் வந்தது என்று சொல்லிக்கொள்வதில் எமக்கு வெட்கமில்லை.

கந்தளாய்க்கு இந்தக் கதையில் ஒரு சிறிய பங்கு உண்டு. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கடற்கரையோரமாகப் போவதென்றால் அந்த நாளில் துறைக்குத் துறை படகுப்பாதைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். புகையிரதத்தில் போனால் தம்பலகாமம், கந்தளாய் தாண்டி, காட்டுக்குள் இருக்கும் கல்லோயாச் சந்தியில் வண்டி மாற வேண்டும். அங்கிருந்து பொலன்னறுவை, வெலிக்கந்தை, புனானை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று பாதை நீண்டு மட்டக்களப்பில் முடியும். ஒரே மறைமாவட்டத்தின் இரண்டு பட்டினங்களுக்கிடையே குருமாரும் கன்னியரும் விளையாட்டு அணிகளும் எமது நிலையத்தைத் தாண்டித்தான் போய்வந்தார்கள். சீனித் தொழிற்சாலையிலும் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் புகையிரதப் பகுதியிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளாகிய நாமும் அதே வண்டியில்தான் விடுதிக்குப் போனோம். வாழைச்சேனை, ஏறாவூர் என்ற பெயர்களை இந்தப் பட்டியலில் ஏன் எழுதினோம் என்பது சற்றுப் பின்னால் விளங்கும்.

1960இலும் 1961இலும் வந்த சட்டங்களால் மிஷன் பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் கைக்குப் போயின. துறவியர் நடத்திய கல்லூரிகளின் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது. வந்த வேலை முடிந்தது என்று ஊர் திரும்புவதற்கு அது ஒரு நல்ல காரணம். ஹேபியர் அடிகளார் திரும்பவில்லை. காலப்போக்கில் மட்டக்களப்பில் இளைஞருக்குத் தொழில் கற்பிக்கும் கிழக்கிலங்கைத் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார்.

அந்த மாற்றத்தின் அருமையை நாம் தாய்மாரான பிறகுதான் உணர்ந்தோம். 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. நன்றாகப் படித்த பிள்ளையும் வீட்டில் இருந்தான், படிப்பு வராத பிள்ளையும் வீட்டில் இருந்தான். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைக் கொண்டுபோனபோது, மரவேலை தெரிந்தவனுக்கும் இரும்பு வேலை தெரிந்தவனுக்கும் ஊரே அலைந்தது. பந்தைக் கையில் கொடுத்த மனிதர் கருவியைக் கையில் கொடுக்கும் இடத்துக்கு வந்தது எமக்குத் தொடர்ச்சியாகவே தெரிகிறது. கல்லூரி அணியில் ஐந்து பேருக்குத்தான் இடம், தொழிற்கூடத்தில் இன்னும் பலருக்கு இடம் உண்டு.

1980களில் வேறொரு வேலையும் சேர்ந்துகொண்டது. சுற்றிவளைப்பில் பிடிபட்ட பிள்ளையைத் தேடி முகாம் வாசலுக்குப் போகும் தாய்க்குத் துணை தேவைப்பட்டது. மட்டக்களப்பில் ஊர்ப்பெரியவர்களும் சமயத் தலைவர்களும் சேர்ந்து இயங்கிய சமாதானக் குழு பிடிபட்டவர்களின் பெயர்களையும் திகதிகளையும் எழுதி வைத்தது, அதிகாரிகளிடம் கேட்டது, திரும்பத் திரும்பக் கேட்டது. மில்லர் அடிகளாரின் பெயர் இந்தப் பணியில் பலரும் அறிந்தது. ஹேபியர் அடிகளாரும் அதில் நின்றவர். வகுப்பில் இடாப்புக் கூப்பிட்டுப் பழகிய மனிதர்களுக்கு, வராத பிள்ளை எங்கே என்று கேட்பது தெரிந்த வேலைதான்.

இனி 1990. அந்த ஆண்டை எழுதாமல் விட முடியாது, நீட்டி எழுதவும் கை வரவில்லை. ஜூன் 11ஆம் திகதி கிழக்கில் பொலிஸ் நிலையங்கள் புலிகளிடம் வீழ்ந்தன, சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர், போர் மீண்டும் மூண்டது. தமிழ்க் கிராமங்களில் கைதுகளும் கொலைகளும் நடந்தன. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 11ஆம் திகதி இரவு ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கோபமும் பயமும் எல்லா வீதியிலும் இருந்தன. எங்கள் கந்தளாய் வீதியும் அந்த ஆண்டு தமிழர் துணிந்து போகும் வீதியாக இருக்கவில்லை.

ஓகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள். ஹேபியர் அடிகளார் வாழைச்சேனையில் இருந்தார், அங்கு இடருக்குள் அகப்பட்டிருந்தவர்களுக்கு உதவப் போனவர். வேலை முடிந்து, தமது ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ்ச் சிறுவனும் கூடச் சென்றான். தூரம் ஏறக்குறைய 30 கிலோமீற்றர், இடையில் ஏறாவூர். இருவரும் மட்டக்களப்பு வந்து சேரவில்லை.

அவ்வளவுதான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது. உடல்கள் கிடைக்கவில்லை. ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. யார் செய்தார் என்று எந்த நீதிமன்றமும் தீர்த்துச் சொல்லவில்லை. அந்த வீதியில் யார் யார் நின்றார்கள் என்பது பற்றிப் பலரும் பலவாறு பேசினார்கள். அதை ஒரு நூற்றாண்டு மலரில் தீர்ப்பாக அச்சிடுவது எமது வேலை அல்ல. அமெரிக்கப் பிரசையான ஒரு குருவுக்கே, வெளிநாட்டிலிருந்து கேள்வி கேட்க ஆள் இருந்த ஒருவருக்கே, பதில் கிடைக்கவில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறோம். சரியாக மூன்று வாரத்தில், செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளவில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களும் திரும்பவில்லை.

அப்போது அடிகளாருக்கு 67 வயதாக இரண்டு மாதம் குறைவு. இலங்கையில் கழித்தது 42 ஆண்டுகள், பிறந்த நாட்டில் கழித்தது 25. கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்று அவர் நினைவாக மட்டக்களப்பில் நடத்தப்பட்டிருக்கிறது. வெபர் அடிகளார் 1998இல் மறைந்தார். மட்டக்களப்பின் பெரிய விளையாட்டரங்கு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஹேபியர் அடிகளாருக்கு ஒரு கல்லறை இல்லை. பழைய மாணவர்கள் ஐரோப்பாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து ஊருக்கு வரும்போது தமது ஆசிரியர்களின் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். இவருக்கு எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் நிற்பவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

பெண்கள் பாடசாலை மலரில் இவருக்கு என்ன இடம் என்ற கேள்விக்கு இங்கே வருகிறோம். எமது சங்கத்தின் அங்கத்தவர்களில் கணவனையோ மகனையோ சகோதரனையோ இப்படித் தொலைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பது கூட்டங்களுக்கு வருபவர்களுக்குத் தெரியும். வெள்ளைச் சேலை கட்டுவதா, பொட்டு வைப்பதா என்று ஊர் ஒரு பக்கம் கேட்கும். சம்பளம், ஓய்வூதியம், காணி உறுதி, பிள்ளையின் பாடசாலை அனுமதி என்று அலுவலகங்கள் மறுபக்கம் மரணச் சான்றிதழ் கேட்கும். செத்துவிட்டார் என்று கையெழுத்து வைக்கத் தாயால் முடியாது. இறந்ததாகச் சொல்லாமலே பெறக்கூடிய காணாமற்போனமைக்கான சான்றிதழ் சட்டப்படி வந்தது 2016இல்தான், அதாவது அந்தத் திருநாளுக்கு 26 ஆண்டுகள் கழித்து. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் அதே ஆண்டில் வந்தது, ஆணையாளர்கள் நியமிக்கப்பட 2018 ஆயிற்று. அதற்கிடையில் விண்ணப்பம் எழுதிக் களைத்த தாய்மார் பலர் கண்ணை மூடிவிட்டார்கள்.

ஹேபியர் அடிகளாரைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெண்களால் தமது வீட்டுக் கதையையும் பேச முடிகிறது. இதை நாம் பலமுறை கவனித்திருக்கிறோம். தன் மகனின் பெயரைச் சொல்லத் தொடங்கினால் குரல் உடைந்துவிடும் ஒருத்தி, பாதருக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்கி, மெல்ல மகனிடம் வந்து சேருவாள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் ஆசிரியராக எமக்குச் செய்த வேலை அது என்றால் மிகையாகத் தோன்றலாம், ஆனால் நாம் கண்டது அதைத்தான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அடிகளாரைப் பற்றி எழுதப்படுபவற்றில் பேர்ட்ரம் பிரான்சிஸ் ஒரு வரியில் வந்து போகிறான், சிலவற்றில் அந்த ஒரு வரியும் இல்லை. அமெரிக்கக் குருவின் பிறந்த ஊர், பிறந்த திகதி, சபையில் சேர்ந்த ஆண்டு எல்லாம் எமக்குத் தெரிகிறது. கூடப்போன பிள்ளையைப் பற்றி அந்த அளவுக்கு ஒருவரும் எழுதி வைக்கவில்லை. வளையத்தின் அருகில் நிற்பவனுக்குப் பந்தைக் கொடு என்று பழக்கிய பயிற்றுநரின் நினைவுக் கட்டுரையில் இந்த வேறுபாடு எமக்கு உறுத்துகிறது.

நவம்பர் மாதத்தில் இறந்தோருக்கான திருப்பலிக்கு எமது கிளை பெயர்ப் பட்டியல் கொடுப்பது வழக்கம். காணாமற்போனவர்களின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்ப்பதா என்று ஒவ்வோர் ஆண்டும் பேச்சு வரும். சேர்க்கச் சொல்பவர்களும் உண்டு, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. யாரையும் நாம் வற்புறுத்துவதில்லை. ஹேபியர் அடிகளாரின் பெயரைக் கடந்த சில ஆண்டுகளாக அந்தத் தாளின் மறுபக்கத்தில், தலைப்பு எதுவும் இடாமல் எழுதுகிறோம். அதன் கீழே பேர்ட்ரம் பிரான்சிஸ் என்று எழுதுகிறோம். அதற்கும் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கும், விரும்பியவர்கள் தமது வீட்டுப் பெயரை எழுதிக்கொள்ளலாம்.